மீதி 1,822 ஹெக்டேர்

2024 டிசம்பர் 24 அன்று டெல்லியிலிருந்து ஒரு சமாதானம் வந்தது. மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் ஏலம் போன நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பரப்பின் மொத்த அளவு 2,015.51 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் நிலம் சுமார் 193 ஹெக்டேர். அந்த 193ஐக் கழித்துவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சொல்லியிருப்பதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. எதை மதிப்புள்ள இடம் என்று அரசாங்கமே அறிவித்ததோ அதைத் தொடமாட்டார்கள், மீதியில் தோண்டிக்கொள்வார்கள்.

இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 7 அன்று, நரசிங்கம்பட்டியில் கூடிய கூட்டம் மதுரை தல்லாகுளத்தை நோக்கிக் கிளம்பியது. ஆயிரக்கணக்கில் பெண்கள், கிழவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மேலூர்க் கடைவீதி அடைத்துக் கிடந்தது. அந்தப் போராட்டங்களுக்காகப் போடப்பட்டு, பிறகு மாநில அரசு திரும்பப் பெற்ற வழக்குகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் 11,608.

193 ஹெக்டேரை விட்டுத்தருகிறோம் என்று சொன்ன பிறகும் எதற்கு இந்தக் கூட்டம்? அரிட்டாபட்டியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. இந்தக் கேள்வியை மட்டும் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். போராட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். காட்டிலும் மலையிலும் மதிப்புள்ள பகுதி எது, மதிப்பில்லாதது எது என்று கோடு போடுவது யார்? அந்தக் கோட்டைப் போடுமுன் அங்கேயே இருப்பவர்களை யாராவது கேட்டார்களா?

பாறையும் தண்ணீரும்

அரிட்டாபட்டிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மொட்டைப் பாறை. நீலகிரியையும் வால்பாறையையும் பார்த்துப் பழகியவர், ‘இதையா பாதுகாக்கச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. ஏழு குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. இடுக்குகளில் முள்ளும் புதரும், அடிவாரத்தில் பனையும் புளியும். பச்சைப் பசேல் என்று போட்டோவுக்கு நிற்கிற காடு இல்லை இது.

ஆனால் மழை நாளில் இந்தப் பாறை செய்யும் வேலையே வேறு. மண்ணில் விழும் தண்ணீரில் பாதி ஊறிப்போகும். மொட்டைப் பாறையில் விழுந்தால் சொட்டு வீணாகாமல் வழிந்து வரும். மேலே குழிகளில் நிறைந்தது சுனையாக நிற்கும். வழிந்தது ஓடையாக இறங்கி, வரத்துக்கால் வழியே கண்மாய்க்குப் போகும். அந்தக் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தக் குன்றுத்தொடரின் தண்ணீர்க் கணக்கை அரசே சொல்லியிருக்கிறது: 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள். அதில் ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது. பாறையைப் பாத்திரமாகவும் கண்மாயைச் சேமிப்புக் கிடங்காகவும் வைத்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாத்திரத்தை மட்டும் காப்பாற்றி, தண்ணீர் போகிற வாய்க்காலை வெடிவைத்துத் தகர்ப்போம் என்பதுதான் டிசம்பர் 24ஆம் தேதி சொன்ன சமாதானத்தின் உள்ளடக்கம்.

பறவைக் கணக்கும் இப்படித்தான். இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றுக்குத் தனி மரியாதை: லகர் வல்லூறு, சாஹின் வல்லூறு, ராஜாளிக் கழுகு. மூன்றும் வேட்டைப் பறவைகள். செங்குத்துப் பாறையில் கூடு கட்டி, கீழே வயல்வெளியிலும் கண்மாய்க் கரையிலும் இரை பிடிப்பவை. கூடு 193 ஹெக்டேருக்குள்ளே இருக்கலாம். சாப்பாடு மீதி 1,822இல் இருக்கிறது. அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு எதுவும் சர்வே கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகிற சாதி இல்லை.

பக்கத்து ஊர் மீனாட்சிபுரத்தின் குன்றுக்குக் கழுகுமலை என்றொரு பெயர். ஓவாமலை என்றும் சொல்வார்கள். மாங்குளம் கல்வெட்டுகள் என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருகிற தமிழ் பிராமி எழுத்துகள் இந்தக் குன்றில்தான் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தார்; நெடுஞ்செழியன் பெயர் அதில் வருகிறது. சமணத் துறவிகள் வெயில் படாத பாறை நிழலாகப் பார்த்துக் கல்லில் படுக்கை வெட்டிக்கொண்டார்கள். நம்முடைய பறவையியலாளர்கள் தொலைநோக்கியோடு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, இங்கே கழுகு இருக்கிறது என்று யாரோ மலைக்குப் பெயரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கணக்கெடுப்பு என்றால் இதுவும் கணக்கெடுப்புதான்.

அறிவிப்பும் ஏலமும்

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டி ஊராட்சியில் 139.63 ஹெக்டேர், மீனாட்சிபுரத்தில் மீதி. மாநிலத்தில் இதுதான் முதல் தலம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், 37ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இந்தியாவில் இந்தப் பிரிவின் கீழ் முதன்முதலாக 2007இல் அறிவிக்கப்பட்டது பெங்களூரு பக்கம் தேவனஹள்ளி அருகே நல்லூரில் உள்ள புளியந்தோப்பு. 54 ஏக்கர்தான். புலியும் இல்லை, யானையும் இல்லை, வயசான புளியமரங்கள். சட்டத்தை எழுதியவர்கள் கொஞ்சம் மனம் விரிந்து யோசித்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கேட்டாலே கிராமத்தில் வயிறு கலங்கும். ஆடு மேய்க்க விடுவார்களா, விறகு பொறுக்கினால் வழக்குப் போடுவார்களா, மலைக்கோயிலில் பொங்கல் வைக்க ரேஞ்சரிடம் மனு கொடுக்க வேண்டுமா? வனத்துறையின் பழைய நடப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. பாரம்பரியத் தலத்துக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. ஊர் மக்கள் தாமாக விரும்பி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு தவிர, அவர்களின் வழக்கமான பயன்பாடுகள் எதையும் தடுக்கக் கூடாது என்று சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. காட்டைக் காப்பதற்கு மனிதரை வெளியே தள்ள வேண்டியதில்லை என்று நம் நாட்டில் அரசுத் தாளில் எழுதியிருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

அடுத்த வருஷமே வேறொரு தாளில் வேறொன்று எழுதப்பட்டது. 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பர் 7 அன்று முடிவு வந்தது: நாயக்கர்பட்டி பரப்புக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் முன்னுரிமை ஏலதாரர். மாநில அரசு உரிய நேரத்தில் எதிர்க்கவில்லை என்று மத்திய அரசும், ஆரம்பத்திலேயே கடிதம் எழுதினோம் என்று மாநில அரசும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்த வழக்கில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. இரண்டு பேருமே ஊரைக் கேட்கவில்லை. பேப்பரைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஏலத்துக்கு முன் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தில் எந்த வரியும் கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை.

அதற்கப்புறம் ஊர் செய்தது, ஊருக்குத் தெரிந்த காரியம். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை தீபாவளியை ஒட்டி 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊராட்சிகள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. தீர்மானம் நிறைவேறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீளவாக்கில் கோடு போட்ட தடித்த நோட்டு, ஊராட்சிச் செயலர் எழுதுகிற ஒரு பத்தி, அதன் கீழே கையெழுத்துகள், கையெழுத்து முடிகிற இடத்தில் நீல மையில் பெருவிரல் ரேகைகள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது அதற்குப் பிறகு. 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

வெற்றிதான். ஆனால் எந்தச் சட்ட வழியிலும் வந்த வெற்றி இல்லை. கூட்டம் சேர்ந்ததால், தேர்தல் கணக்குப் போடுகிறவர்கள் பார்த்ததால் வந்தது. கூட்டம் சேர்க்கத் தெம்பில்லாத ஊர்களில் என்ன நடக்கும்?

கருத்துக் கேட்பு

நம் சட்டத்தில் மக்களைக் கேட்பதற்கென்று ஒரு சடங்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 30 நாளுக்கு முன் நாளிதழில் விளம்பரம் வரும். கலெக்டரோ கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவரோ தலைமை வகிப்பார். எல்லாவற்றையும் வீடியோ எடுப்பார்கள். கடைசியில், பேசியவற்றின் சுருக்கத்தை அந்த ஊர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு விதி இன்னொன்றும் சொல்கிறது: கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கேட்டதாக ஆகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் தென்மாவட்டம் ஒன்றில் அப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கல்யாண மண்டபம். முதல் ஆறு வரிசை நாற்காலிகளில் வேனில் அழைத்துவரப்பட்டவர்கள் காலை எட்டரைக்கே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு மேஜை, தலையணை கனத்துக்கு ஆங்கில அறிக்கை, பக்கத்தில் பத்துப் பதினைந்து பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம். அந்தத் தமிழை இரண்டு தடவை படித்தும் எனக்கே தூசி எந்தப் பக்கம் பறக்கும் என்று புரியவில்லை. மதியத்துக்குப் பிறகு ஒரு அம்மா மைக்கிடம் வந்தார். பேசவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அதிகாரிகள் முன் வைத்தார். அவர் கிணற்றுத் தண்ணீர். குடித்துப் பார்க்கச் சொல்லி சைகை காட்டினார். மேடையில் ஏற்கெனவே ஆளுக்கொரு மினரல் வாட்டர் பாட்டில் இருந்தது. கடைசியில் வாசித்த சுருக்கத்தில், ‘ஒருவர் குடிநீர் குறித்துக் கருத்துத் தெரிவித்தார்’ என்று வந்தது. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போதும் அந்தப் பாட்டில் மேஜையிலேயே இருந்தது. மூடி திறக்கப்படவில்லை.

ஓட்டைச் சடங்குதான். ஆனாலும் ஒரு பதிவு இருக்கும், வீடியோ இருக்கும், நீதிமன்றத்தில் காட்ட ஒரு தாள் இருக்கும். அதற்கும் 2025 செப்டம்பர் 8 அன்று ஒரு முடிவு கட்டினார்கள். அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பு வெளியிட்டது. நாட்டின் பாதுகாப்பு, கனிமத் தேவை என்று காரணங்கள். முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. நாளைக்கே நாயக்கர்பட்டி மறுபடி ஏலத்துக்கு வந்தால், கல்யாண மண்டபம், நாற்காலி, பாட்டில் எதுவும் தேவைப்படாது.

மொழி விஷயத்தில் இன்னொரு சம்பவம். 2020இல் இந்தத் தாக்க மதிப்பீட்டு விதிகளையே மாற்றுவதற்கு ஒரு வரைவு வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அந்த ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொன்னது. ஒரு மலையடிவாரத்துக்காரரின் கருத்து வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவருக்கு இதை நீதிமன்றமா சொல்லித்தர வேண்டும்? வந்து சேர்ந்த கருத்துக்கும் கதி இதுதான்: 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு 1,309 மனுக்கள் வந்தன. குழு ஒரு பிரிவைக்கூட மாற்றச் சொல்லாமல் மசோதாவை அப்படியே திருப்பி அனுப்பியது.

நியமராஜாவின் எல்லை

கேட்கவே முடியாது, கேட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பவர்களுக்கு ஒடிசாவின் நியமகிரியைக் காட்டலாம். ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் விரிந்த மலை. அதன் உச்சியில் பாக்சைட். அதை வெட்டி அடிவாரத்து லாஞ்சிகட் ஆலைக்குக் கொண்டுபோவது வேதாந்தா குழுமத்தின் திட்டம். நாயக்கர்பட்டி ஏலத்தில் முன்னுக்கு வந்த ஹிந்துஸ்தான் ஜிங்க்கும் அதே குழுமம்தான்.

2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, மலையில் தங்கள் சமய, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும். மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும். மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். மாநில அரசு 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு மட்டும் போதுமா என்று அப்போதே முணுமுணுப்பு. ஜூலை 18இல் தொடங்கி ஆகஸ்ட் 19இல் ஜரபா என்ற ஊரோடு முடிந்தது. காட்டுப் பாதையில் நீதிபதி நடந்து வந்து, மரத்தடியில் போட்ட மேஜையில் உட்கார்ந்து, டோங்கிரியா கோந்த் மக்கள் பேசியதை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு எழுதினார். 12 ஊரும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது 12-0 என்ற கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கூட்டங்களுக்கு முன் அதிகாரிகள் களச் சரிபார்ப்பு நடத்தி, சாமி கும்பிடும் இடம் இது, இத்தனை ஏக்கர் என்று சிறுசிறு துண்டுகளாகக் குறித்துக்கொண்டு வந்தார்கள். மலை உச்சிச் சுரங்கத்துக்கும் குறிப்பிட்ட வழிபாட்டிடத்துக்கும் இத்தனை கிலோமீட்டர் தூரம் என்று வாதம். ஊர்க்கூட்டங்கள் அந்தத் துண்டுகளை ஏற்கவில்லை. தங்கள் சாமி நியமராஜா இருப்பது ஒரு கல்லில் இல்லை, மலை முழுக்க அவர்தான் என்றார்கள். நம் பக்கத்து 193 கணக்கும் அந்தத் துண்டுக் கணக்கும் ஒரே ஜாதகம்.

வானத்திலிருந்து போட்ட கோடு

கோடு போடும் கலையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நேர்ந்தது தனிக் கதை. 2010இல் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு. 2011 ஆகஸ்டில் அறிக்கை. மத்திய அரசு அதை மாதக்கணக்கில் வெளியிடவே இல்லை. தகவல் ஆணையம் வரை போய், 2012 மே மாதம்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. மலை முழுவதையும் மூன்று மண்டலமாகப் பிரித்துக் குழு ஒரு திட்டம் சொன்னது. ஆனால் அது கடைசிக் கோடு இல்லை. ஊர் ஊராகக் கிராம சபையில் வைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது காட்கிலின் நிலை. அறிக்கையை மாநில மொழிகளில் பெயர்த்துக் கிராம சபைகளுக்கு அனுப்பச் சொல்லியும் கேட்டார். அனுப்பவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், பட்டா செல்லாது என்ற பேச்சு இடுக்கியிலும் வயநாட்டிலும் தீயாகப் பரவியது.

அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, 2013இல், செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கோடு போட்டது. இயற்கை நிலப்பரப்பு, மனிதர் மாற்றிய நிலப்பரப்பு என்று மலையை இரண்டாகப் பிரித்தது. ஓர் ஊரின் பரப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ முதல் வகையாக இருந்தால் ஊர் முழுவதும் பட்டியலில் சேரும். ஆறு மாநிலங்களில் 59,940 சதுர கிலோமீட்டர். கேரளாவின் பங்கு 123 ஊர்கள். அந்த நவம்பரில் அங்கே கலவரமே நடந்தது. வானத்திலிருந்து பார்த்தால் ஏலக்காய்த் தோட்டமும் காடும் ஒரே பச்சை. கீழே நின்று பார்க்கிறவருக்கு ஒன்று பிழைப்பு, இன்னொன்று காடு. இதைச் சொன்னதற்காக என்னைக் கல்குவாரிக்காரர்களின் ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கலவரத்துக்கு எண்ணெய் ஊற்றியவர்களில் குவாரிக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பதைக் கேரளத்து நண்பர்களே சொல்வார்கள்.

2014இலிருந்து வரைவு அறிவிக்கை வருவதும், 60 நாள் ஆட்சேபம் கேட்பதும், காலாவதியாவதும், திரும்ப வருவதுமாக இருக்கிறது. ஆறாவது வரைவின் தேதி 2024 ஜூலை 31. அதற்கு முந்தின நாள் விடியுமுன் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இரண்டும் இருக்கிற வைத்திரி தாலுகாவைக் காட்கில் குழு முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. மாநில மொழிகளில் பெயர்த்து ஊர்களுக்கு அனுப்பாத அந்த அறிக்கையில்.

சோளகரின் தீ

சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலை. 1970களில் அது சரணாலயமானபோது அங்கே வாழ்ந்த பழங்குடியினரான சோளகர்கள் காட்டுக்குள்ளிருந்த குடியிருப்புகளிலிருந்து நகர்த்தப்பட்டார்கள். காட்டில் தீ வைப்பதும் குற்றமானது. அதற்கு முன் வருஷா வருஷம் அவர்கள் ஒரு வேலை செய்துவந்தார்கள். கோடை முற்றுமுன், சருகு லேசாகக் காய்ந்த நேரத்தில், தரையோடு ஓடுகிற சின்னத் தீ. ‘தரகு பெங்கி’ என்று பெயர், சருகுத் தீ. மரம் கருகாது, புல் தளிர்க்கும். அது நின்ற பிறகு உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தை மூடிக்கொண்டது என்பது சோளகர் கணக்கு. நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறி மரத்தைச் சாகடிப்பதையும் அந்தத் தீ கட்டுப்படுத்தியது என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வந்து இதை விசாரித்து எழுதினார்கள். அதற்குள் நீங்கள் எந்தப் பாதையில் நடந்தாலும் உண்ணிச்செடி முகத்தில் அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடுகளிலும் இதே கதைதான்.

2011 ஜனவரியில் பிளிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி ஊர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தது அதுவரை நடக்காத காரியம். இதற்கிடையில் சோளகர்கள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தங்கள் கோயிலிடங்களையும் எல்லைகளையும் நூற்றுக்கணக்கில் வரைபடத்தில் ஏற்றினார்கள். அந்த வரைபடத்தில் மலை சின்னச் சின்னக் குல எல்லைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பார்த்துக்கொள்ள ஒரு குடி உண்டு. மதிப்புள்ளது, மதிப்பில்லாதது என்ற பிரிவை அதில் தேடினாலும் கிடைக்காது.

தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைப் பட்டயம் வழங்குவதே 2016 வரை நீதிமன்றத் தடையில் மாட்டியிருந்தது. அப்புறம் வந்ததும் வேகமாக வரவில்லை.

ஊரும் புனிதமில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு, கிராம சபை சொன்னால் அது வேதவாக்கு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராம சபையில் யார் நாற்காலியில் உட்காருகிறார், யார் ஓரத்தில் நிற்கிறார் என்பதைப் பார்த்தாலே ஊரின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும். மேய்ச்சல்காரரும் நிலமில்லாதவரும்தான் மலையை அதிகம் தெரிந்தவர்கள். அவர்கள்தான் குறைவாகப் பேசுகிறவர்கள். கோயில்காட்டைச் சாமிக்குப் பயந்து நூறு வருஷம் காத்த ஊரே, கும்பாபிஷேகம் என்றதும் மரத்தை வெட்டி கான்கிரீட் மண்டபம் கட்டியதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

காக்கிற ஊர்களும் உண்டு. மேலூரிலிருந்து கிழக்கே போனால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி. அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், அழகர்மலைக் காட்டை ஒட்டி, காசம்பட்டி கோயில்காடு. மாந்தோப்புகளுக்கு நடுவே 4.97 ஹெக்டேர்தான். 2025இல் அது மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சுள்ளி ஒடிக்கக் கூடாது என்பது சாமி கட்டளை. அரசாணை அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது.

இப்படி ஊரில் இருக்கும் அறிவை எழுதிவைக்கச் சட்டத்தில் இடமும் உண்டு: ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. என்ன மரம், என்ன மூலிகை, எந்த மாசத்தில் எது காய்க்கும், எந்தக் கண்மாயில் எந்த மீன் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டியது. 2016 வாக்கில் நாடு முழுவதும் இப்படி எழுதப்பட்டவை ஆயிரத்துச் சொச்சம்தான். பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்து, 2020 பிப்ரவரியிலிருந்து தாமதிக்கும் மாநிலத்துக்கு மாதம் 10 லட்ச ரூபாய் என்று மிரட்டியதும் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. இரண்டரை லட்சம் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டா எழுதினார்கள்? அடுத்தடுத்த ஊராட்சிகளின் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேம்பு, புளி, ஆடாதொடை, அதே வரிசையில், சில சமயம் அதே எழுத்துப் பிழையோடு.

உங்கள் ஊராட்சியிலும் ஒன்று இருக்கும். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அரிட்டாபட்டியில் பாரம்பரியத் தலத்தின் எல்லை இன்றும் 193.42 ஹெக்டேர்தான். மேலூர்ப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகவும் பண்பாட்டு மண்டலமாகவும் அறிவிக்கச் சொல்லிப் போராட்டக் காலத்திலேயே கோரிக்கை எழுந்தது. டங்ஸ்டன் பாறைக்குக் கீழே இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பர் 23ஆம் தேதித் தீர்மானங்கள் அந்தந்த ஊராட்சி அலுவலகத்துப் பீரோவில், நோட்டில், பெருவிரல் ரேகைகளோடு இருக்கின்றன. அந்த நோட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏலம் விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இதுவரை சொல்லவில்லை.